எடுத்து வைத்த விண்டோ

எனக்கு நரிதான் பிடிக்கும். பிரவுசரைச் சொல்கிறேன். அரூரில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில் அதுகளின் சொந்தப் பேரை யாரும் சொன்னதில்லை. படத்தைப் பார்த்துத்தான் பேர்: நீல எழுத்து, நரி, நாலு கலர் உருண்டை. எங்கள் ஓட்டைக் கம்ப்யூட்டரில் நீல எழுத்தைத் தட்டிவிட்டு டீக்கடைக்கே போய் வரலாம். உருண்டை வேகம்தான், ஆனால் நாலு விண்டோ திறந்தால் மெஷினே மூச்சு வாங்கும். நரி மட்டும் சொன்ன பேச்சு கேட்கும்.

எனக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு விண்டோதான் திறந்திருக்க வேண்டும். எண்பதுகளில் தர்மபுரியில் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து, வக்கீல் ஒருவரிடம் தட்டச்சு செய்தவள் நான். மெஷினில் ஒரு தாள்தான் ஏறும். அதை அடித்து முடித்து, உருவி, சரிபார்த்து வைத்த பிறகே அடுத்த தாள். நடுவில் யார் அவசரம் என்று வந்தாலும் "உக்காருங்க" என்பேன். வக்கீலுக்கும் அதே பதில்தான். அவர் என்னைத் திட்டியதுண்டு. ஆனால் ஒருவர் பத்திரத்தில் இன்னொருவர் பேர் என் கையால் விழுந்ததே இல்லை.

சென்டர் முதலாளி அடிப்படையில் தானிய மண்டிக்காரர். சித்தேரி மலையிலிருந்து வரும் சாமையும் தினையும் அவர் மண்டிக்குத்தான் வரும். மண்டிக்குப் பக்கத்து அறையில் மூன்று கம்ப்யூட்டரைப் போட்டு என்னை உட்கார வைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் "மூடு" என்ற வார்த்தை அவர் காதில் விழக் கூடாது. சாயங்காலம் கடையை மூடுகிறேன் என்று சொல்ல மாட்டார், எடுத்து வைக்கிறேன் என்பார். வியாபாரிகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். இவர் அதைக் கம்ப்யூட்டர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்.

முதல் வாரமே நான் ஒரு விண்டோவை மூடும்போது பார்த்துவிட்டார்.

"என்னம்மா, தப்புக் குறிய போடறீங்க?"

"மூடறதுக்கு அதைத்தாண்ணா அமுக்கணும்."

"மூடறதுன்னு வாயில வரக் கூடாதும்மா. வேலை நல்லபடியா நடக்கறப்ப தப்புப் போடுவாங்களா? பக்கத்துல சின்னக் கோடு ஒண்ணு இருக்குதில்ல, அத அமுக்குங்க. கீழ போய் உக்காந்துக்கும். எடுத்து வெச்ச மாதிரி."

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சாயங்காலம் பார்த்தால் திரையின் அடியில் இருபது விண்டோ எறும்பு வரிசை மாதிரி நிற்கும். கரண்டு பில், ரயில் டிக்கெட், பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்று எல்லாம் கிடக்கும். மெஷின் நகராது. "சனியன் புடிச்ச மெஷினு" என்று அவரே திட்டுவார். அவர் மண்டிக்குப் போனதும் நான் ஒவ்வொன்றாகத் தப்புக் குறி போட்டுத் தீர்ப்பேன். அவர் வந்ததும் மறுபடி வரிசை கட்டும்.

விண்ணப்பம் போடும் மாதங்களில் இது வெறும் எரிச்சலோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். ஒரே பிரவுசரில் ஒரு பெண்ணின் பேரில் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்விட்டு, வெளியே வராமல் இன்னொரு விண்டோவில் அடுத்த பெண்ணின் பேரில் போனால், அதன்பின் எந்த விண்டோவில் அமுக்கினாலும் இரண்டாவது பெண்ணின் கணக்கில்தான் ஏறும். அதனால் நானாக ஒரு வழி வைத்திருந்தேன். ஒருவர் வேலை பாதியில் நின்றால் அவரை நரியில் விட்டுவிடுவேன், அடுத்தவரை நீல எழுத்தில் உட்கார வைப்பேன். முதலாளியிடம் இதைப் பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். "ஆகட்டும்மா" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

என் மகள் பிளஸ் டூ முடித்த வருஷம். மருத்துவம் சார்ந்த படிப்புகளுக்கெல்லாம் ஒரே விண்ணப்பம், அன்றைக்குக் கடைசி நாள். அவளுக்குப் பார்மசிதான் வேண்டும். நரியில் அவள் பேரில் உள்ளே போய், பார்மசியை முதலில் போட்டு, விருப்பப் பட்டியல் முழுவதையும் நிரப்பி வைத்தேன். ஒரு மதிப்பெண்ணில் சந்தேகம் வந்தது. மார்க் ஷீட்டை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். போகும்போது, "அண்ணா, நரிய தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

போய்வர அரை மணி நேரம். அதற்குள் சித்தேரியிலிருந்து ஒரு அப்பாவும் பெண்ணும் அதே விண்ணப்பத்துக்காக வந்திருக்கிறார்கள். வருஷா வருஷம் மண்டிக்குச் சாமை கொண்டுவருகிறவர். அவருக்கு மலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். முதலாளி தானே உட்கார்ந்து, நரியிலேயே இன்னொரு விண்டோ திறந்து, அந்தப் பெண்ணின் பேரில் உள்ளே போய், நர்சிங்கை முதலில் போட்டிருக்கிறார். கடைசியாக அமுக்க வேண்டியதை நான் வந்து பார்த்து அமுக்கட்டும் என்று அவர்களை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, அந்த விண்டோவை எடுத்து வைத்துவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

நான் வந்தேன். திரையில் என் மகளின் பட்டியல் நான் விட்டபடியே இருந்தது. மதிப்பெண் சரியாக இருந்தது. அடியில் வரிசையில் நின்ற விண்டோக்களை நான் பார்க்கவில்லை. எப்போதும் பார்ப்பவள், அன்றைக்குப் பார்க்கவில்லை. சமர்ப்பி என்பதை அமுக்கினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன்.

ஒப்புகைச் சீட்டு வந்தது. அதில் சித்தேரிப் பெண்ணின் பேரும் போட்டோவும் இருந்தன. முதல் விருப்பம் பார்மசி. நர்சிங் பட்டியலிலேயே இல்லை.

மண்டிக்குப் போய்ச் சண்டை போட்டேன். "நரியத் தொடாதீங்கன்னு சொன்னனா இல்லியா?"

"அதுதாம்மா சீக்கிரம் தெறந்துச்சு. அதுவுமில்லாம நரி மூஞ்சில முழிச்சா நல்லதுன்னு..."

"நல்லதா? ஒரு பொண்ணு படிப்புண்ணா இது."

அவர் எடைக்கல்லை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பி உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். லைனே கிடைக்கவில்லை. மெயில் அனுப்பினேன். இறுதியாகச் சமர்ப்பித்ததை மாற்ற இயலாது என்று நாலு நாள் கழித்து ஒரு வரி வந்தது. சித்தேரிக்குப் பேசலாம் என்றால் அங்கே டவர் கிடையாது. கடைசி நாளான அன்றைக்குச் சாயங்காலமே என் மகளின் விண்ணப்பத்தை முதலிலிருந்து நிரப்பி அனுப்பினேன், இந்தத் தடவை நீல எழுத்தில். அவளுக்கு ஒரு குறையும் வரவில்லை. பார்மசி கிடைத்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து அந்த அப்பா பெண்ணோடு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை நிறையச் சாமை அரிசி.

"மருந்துப் படிப்பே கெடச்சுருச்சுங்கம்மா. நீங்கதான் பாத்துப் போட்டீங்கன்னு மண்டிக்காரரு சொன்னாருங்க."

என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மனுஷன் பெருமையை மட்டும் என் தலையில் வைத்திருக்கிறார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"ஐயா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க. விண்டோ மாறி, எம்பொண்ணு கேட்ட படிப்பு உங்க பொண்ணு பேர்ல ஏறிப்போச்சுங்க."

"ஏறுனா நல்லதுதானுங்களே" என்று சிரித்தார். பையை என் மேஜை மேல் வைத்துவிட்டு, மண்டிக்காரரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் பக்கத்து அறைக்குப் போனார்.

பெண் மட்டும் நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"நர்சிங்தானுங்க கேட்டேன்" என்றாள். "எங்க மலையில ஒரு ஊசி போடணும்னாலும் கீழ எறங்கித்தான் வரணும்."

"தெரியும்மா. எம்மேலதான் தப்பு. உங்கப்பாகிட்ட வெவரமா சொல்லிடறேன்."

"வேண்டாங்க. சீட்டு வந்தன்னிக்கே, நானேதான் மாத்திப் போடச் சொன்னேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். தெரிஞ்சா மண்டிக்காரர்கிட்ட சண்டைக்குப் போயிருவாருங்க. அப்பறம் சாமைய எங்க கொண்டுபோய்ப் போடறது?"

"சரிம்மா" என்றேன். அவளிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.