பெயர் சொல்லாத நோய்

சிங்கப்பூரில் என்னோடு துப்புரவு வேலை பார்க்கும் சீனப் பெரியவர், நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே, "எனக்குக் கேன்சர், நாளைக்கு ஆஸ்பத்திரி" என்றார். பஸ் வரவில்லை என்பதுபோலச் சொன்னார். பதறிப்போய், "நோ, நோ, டோன்ட் ஸே" என்று கையை ஆட்டினேன். தொற்றிக்கொள்ளும் என்று பயப்படுகிறேன் என நினைத்தார் போலும்; தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். எங்கள் பக்கம் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டோம் என்று விளக்க, ஐந்தாம் வகுப்போடு நின்ற என்னிடம் ஆங்கிலம் இல்லை.

அப்போது எங்கள் ஊர் ஒலக்கூரில் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு மார்பில் அறுவை முடிந்திருந்தது. வெறும் கட்டி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். உடம்பின் செல்கள் தினமும் பழுதாகும், உடம்பே அதைச் சரிசெய்துகொள்ளும், ஓயாத மனஉளைச்சல் அந்த வேலையைக் கெடுக்கலாம்; ஆனால் அதனால்தான் புற்றுநோய் வந்தது என்று சொல்ல முடியாது என்று விழுப்புரத்து டாக்டர் அவள் அண்ணன் சவரிமுத்துவிடம் விளக்கினாராம். மச்சான் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"நீ அங்க போய் குந்திக்கினு கீற ஏக்கந்தான் மாப்ள அவளுக்கு நோவாச்சி. பேரு தெரிஞ்சா இன்னும் ஒடைஞ்சிடுவா. வாயத் தொறக்காத" என்றார் போனில்.

குற்றம் என்னுடையது என்று ஆனபின் அவர் சொன்னதற்கு ஒப்புக்கொண்டேன்.

இரண்டு முறை மருந்து ஏற்றியதும் ஸ்டெல்லாவுக்கு முடி கொட்டியது. "கட்டியதான் எடுத்தாச்சே, இன்னும் எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று ஆஸ்பத்திரியை விட்டுவிட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கப் போய்விட்டாள். அப்போதும் நாங்கள் பெயரைச் சொல்லவில்லை. சில மாதங்களில் அக்குளில் இன்னொரு கட்டி. அன்றுதான் போனில் அவளிடம் நோயின் பெயரைச் சொன்னேன்.

"ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் சொல்லலியா? நான் கவலப்படக் கூடாதுன்னு சாவ உட்டீங்களாங்க?" என்றாள்.

விடுப்பில் ஓடிவந்தேன். மறுபடி மருந்து ஏற்றுகிறார்கள். டாக்டர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. என் பிரிவு அவள் செல்களைக் கெடுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. என் மௌனம் கெடுத்ததை நானே சொல்வேன்.

நேற்று மருந்து மயக்கத்தில், சுவரைப் பார்த்துப் படுத்தபடி, போனில் பேசுவதுபோலக் கேட்டாள்: "சாப்ட்டீங்களா? அங்க மழையா?"

ஒரு முழம் தள்ளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நான், "இங்க மழை இல்ல. நீ எப்படி கீற?" என்றேன்.