வாளிக்குள் தென்துருவம்

கடல் உயர்ந்தால் இலங்கையில் முதலில் எந்த இடங்கள் மூழ்கும் என்று யாராவது கேட்டால், இன்றும் நான் சிவப்பு நிறத்தால்தான் காட்டுவேன். அந்த நிறத்தை மாற்றச் சொல்லி என் சின்ன வயதிலேயே துப்பாக்கியோடு ஒருவர் கேட்டுப் பார்த்துவிட்டார். நான் மாற்றவில்லை. இப்போதும் மாற்றுகிற எண்ணம் இல்லை.

அப்போது நான் ஆறாம் ஆண்டு. வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. அப்பாவின் அரசாங்க உத்தியோகத்தால் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டுக் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். பள்ளிக்கூடம் கண்டி நகருக்குள். அந்த வருடம் விஞ்ஞானக் கண்காட்சி வைத்தார்கள். ஆளாளுக்கு எரிமலையும் இதயமும் செய்யக் கிளம்ப, துருவத்துப் பனி உருகுவதை நான் செய்வேன் என்று கையைத் தூக்கிவிட்டேன். பனியைக் கண்ணால் கண்டவர் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. ஐஸ் வைக்க வீட்டில் ஒரு பிரிட்ஜ்கூட இல்லை.

விஷயம் இதுதான். மனிதர்கள் நிலக்கரியையும் பெற்றோலையும் எரித்து எரித்துக் காபனீரொட்சைட் வாயுவை வானத்துக்கு அனுப்புகிறார்கள். அது பூமியின்மேல் போர்வையாகக் கிடந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. துருவத்தில் தரையின்மேல் மலைமலையாகக் கிடக்கும் பனி உருகிக் கடலுக்கு வருகிறது, கடல் ஏறுகிறது. கடலில் மிதக்கும் பனி உருகினால் மட்டம் ஏறாது, தரையில் கிடப்பது உருகினால்தான் ஏறும் என்று விஞ்ஞான ரீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதனால் பெரிய தகரத் தட்டு ஒன்றின் மூலையில் களிமண்ணால் உயரமாகத் தென்துருவத்தைக் கட்டினேன். நடுவில் இலங்கை. துருவத்தின் தலையில் ஐஸ் வைத்தால் அது உருகி வழிந்து தட்டை நிரப்பும், தாழ்ந்த கரைகள் மூழ்கும். மூழ்கப்போகும் கரைகளுக்குச் சிவப்பும் மற்ற இடமெல்லாம் பச்சையும் பூசினேன்.

தாழ்ந்த கரை எது? யாழ்ப்பாணம் முழுக்க. மன்னார். முல்லைத்தீவிலிருந்து மட்டக்களப்பு தாண்டிக் கிழக்குக் கரை. மேற்கில் புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பில் ஒரு கீற்று, தெற்கில் மெல்லிய கோடு. தரையின் உயரம் அப்படி, அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் அந்தக் காலத்தில் வடக்கையும் கிழக்கையும் வேறு நிறத்தில் காட்டிய இலங்கைப் படத்துக்கு நாட்டில் ஒரே அர்த்தம்தான் இருந்தது. தனிநாடு. அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய அப்பா கந்தோர் வேலை முடிந்து வருமுன் நான் தட்டைப் பழைய பேப்பரால் மூடிக் கட்டிவிட்டேன்.

தூக்கிவரச் சித்தப்பா இருந்தார். அப்பாவின் தம்பி. யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலிருந்து அந்த மாதம்தான் வந்து சேர்ந்திருந்தார். சரியான இளந்தாரி வயது, சிங்களத்தில் ஒரு சொல் தெரியாது. வெளியே திரியவேண்டாம் என்று அப்பா சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போயிருந்தவர், கண்காட்சி என்றதும் "நான் வாறன் பிள்ளை" என்று சட்டையை மாட்டிவிட்டார்.

மீன்கடையில் ஐஸ்கட்டி வாங்கினோம். வாளியில் வைத்து, மரத்தூள் போட்டு, சாக்கால் மூடினோம். மீன் மணம் தூக்கியடித்தது. "தென்துருவத்திலயும் மீன் இருக்குத்தானே," என்றார் சித்தப்பா.

கண்டிக்குள் நுழையுமுன் ஒரு சோதனைச் சாவடி. பஸ்ஸில் வருபவர்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் மறுபடியும் ஏறவேண்டும். மழைக்குக் குடை விரிப்பது மாதிரி அது எங்களுக்குப் பழகியிருந்தது. அன்று ஓர் இளம் சிப்பாய் சித்தப்பாவின் அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். அவரை ஓரமாக நிற்கச் சொன்னான். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. பிறகு சொட்டிக்கொண்டிருந்த வாளியைப் பார்த்தான், சாக்கை விலக்கினான், மரத்தூளைக் கிளறினான். கடைசியாக என் தட்டின் பேப்பரைத் தூக்கினான்.

"மே மொகக்த?" என்றான். இது என்ன என்று கேட்கிறான்.

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. "தென்துருவம்," என்று சிங்களத்தில் சொன்னேன். அவன் போய் அதிகாரியைக் கூட்டிவந்தான்.

அதிகாரி என்னையே மொழிபெயர்க்கச் சொன்னார். இவர் ஏன் ஊரை விட்டு வந்தார், யார் அனுப்பினார்கள், இந்தச் சிவப்பு என்ன. எனக்குக் கடைசிக் கேள்விதான் முக்கியமாகப் பட்டது. மற்றதை விட்டுவிட்டு அதற்கு மட்டும் மளமளவென்று பதில் சொன்னேன்.

"என்ன கேக்கினம் பிள்ளை?" என்றார் சித்தப்பா.

"சிவப்பு ஏனெண்டு."

"நீ என்ன சொன்னனீ?"

"கெதியா மூழ்கப்போகுதெண்டு."

சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

சிவப்பின்மேல் பச்சையைப் பூசிவிட்டு எடுத்துப் போ என்றார் அதிகாரி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றேன். கொழும்பும் சிவப்புத்தான், நன்றாகப் பாருங்கள் என்றேன். தட்டை மணல்மூட்டையின்மேல் வைத்து, வாளியின் அடியில் உருகிக்கிடந்த தண்ணீரைத் துருவத்தின் தலையில் ஊற்றினேன். யாழ்ப்பாணம் போயிற்று. மன்னார் போயிற்று. நீர்கொழும்பு போயிற்று. இளம் சிப்பாய் குனிந்து, தெற்குக் கரையில் ஓர் இடத்தில் விரலை வைத்தான். எங்கள் வீடு இங்கேதான் என்றான். விரல் நனைந்துவிட்டது.

"இது எப்போது நடக்கும்?" என்று கேட்டான்.

"எங்களை இப்படியே நிறுத்தி வைத்திருந்தால் இன்றைக்கே," என்றேன்.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நீ அடுத்த பஸ்ஸில் போ, இவரை விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்றார். தட்டை நடுத்தெருவில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வாளியை யார் தூக்குவது? இவர் வராமல் நான் எழும்பமாட்டேன். ஐஸ் உருகினால் எங்கள் ரீச்சருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றேன். அடுத்த பஸ் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. இளம் சிப்பாய் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றுவரை தெரியாது. அட்டை சித்தப்பாவின் கைக்குத் திரும்பி வந்தது.

கண்காட்சிக்குப் போனபோது தென்துருவம் ஒரு கைப்பிடி அளவுதான் மிஞ்சியிருந்தது. அதையும் வைத்து உருக்கிக் காட்டினேன். இதற்கெல்லாம் யார் பொறுப்பு என்று நடுவர் கேட்டார். எரிக்கிறவர்கள் என்றேன். நாங்களுமா என்றார். எங்கள் வீட்டில் எரிவது ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஆனால் முதலில் மூழ்குவது நாங்கள் என்றேன். பரிசு எரிமலைக்குப் போயிற்று. பெரிய பதவிக்காரர்கள் பார்வையிட வரும் நேரம் என் தட்டை யாரோ துணியால் மூடிவிட்டார்கள். நான் துணியை எடுத்துவிட்டேன். மறுபடியும் மூடினார்கள், மறுபடியும் எடுத்தேன்.

பிறகு போர் முடிந்தது, சாவடிகள் போயின. பனி மட்டும் உருகிக்கொண்டே இருக்கிறது. தீவில் பிறந்த ஒரு மனிதனை வெயிலில் நிறுத்தி வைத்து ஆராயத் தெரிந்த உலகம், புகையை எந்தச் சாவடியிலும் இறக்கி அடையாள அட்டை கேட்டதில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். சாவடியிலிருந்து ஏறிய பஸ்ஸில் சித்தப்பா வாளியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்திருந்தார். கைகள் நடுங்கின. வாளியின் பிடி கடகடவென்று அடித்துக்கொண்டது.

"குளிருதோ சித்தப்பா?" என்றேன்.

"ஓம் பிள்ளை. ஐஸெல்லோ," என்றார்.

பாவமாக இருந்தது. தட்டைக் காலடியில் வைத்துவிட்டு வாளியை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கும்வரைக்கும் அவருடைய வெறுங்கைகள் நடுங்கிக்கொண்டே இருந்தன. ஐஸின் குளிர் இவ்வளவு நேரம் நிற்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.