பத்தாயத்துக்குள் ஒரு வகுப்பு

ஜூன் பிறந்தால் எங்கள் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவுக்குக் காய்ச்சல் வந்துவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள், "பள்ளி திறப்பதற்கு முன் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?" என்று கேட்பார்கள். பழையவர்கள் உடனே கொட்டித் தீர்ப்பார்கள். வாசிப்பு அட்டை, எண் அட்டை, கதைப் படம், சுவரில் ஒட்டும் அட்டவணை என்று கோப்பு கோப்பாக வந்து விழும். நானும் ஒன்றிரண்டை இறக்கி வைத்துக்கொள்வேன், திறந்து பார்த்ததில்லை. பொருள் இல்லாமல் கெட்ட பள்ளிக்கூடத்தை நான் பார்த்ததில்லை. பொருளைப் பூட்டி வைத்துக் கெட இருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறேன்.

கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து மாறுதல் வாங்கிக்கொண்டு, திருத்துறைப்பூண்டியைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளிக்கு வந்த வருஷம் அது. தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான்; ஐந்து வகுப்பும் எங்கள் இருவர் தலையில். தலைமையாசிரியர் உள்ளூர்க்காரர், சொந்தமாக வயல் உண்டு. காலையில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்த்து, மடையைத் திறந்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். நல்ல மனிதர். எவ்வளவு கோபம் வந்தாலும் 'வாங்க, போங்க' மாறாது.

வகுப்பறையின் மூலையில் ஒரு பத்தாயம் நின்றது. நெல் கொட்டி வைக்கும் அந்தப் பெரிய மரப்பெட்டியை, பழைய வீட்டை இடித்த யாரோ பள்ளிக்குத் தந்திருந்தார்கள். மேலடுக்கைக் கரையான் தின்றதுபோக மிச்சம் என் நெஞ்சு உயரம் இருந்தது. நெல் அள்ளும் கீழ்வாயைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். பள்ளியின் கற்பித்தல் பொருள்கள் மொத்தமும் அதற்குள்தான். மணிச்சட்டம், விரலில் மாட்டும் பொம்மைகள், உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றும் பாலித்தீன் உறைக்குள், கல்யாணப் புடவை மாதிரி.

ஒரு புயலில் பள்ளியின் ஓடு பறந்து, இருந்த அட்டையெல்லாம் கூழாகிப் போனதாம். மறுபடி அத்தனையையும் தலைமையாசிரியரே உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். அன்றிலிருந்துதான் இந்தக் காவல்.

"வெளிய எடுக்காதீங்கம்மா. ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுக்குப் புதுசா இருக்கணும்" என்றார்.

"பிள்ளைங்க எப்ப சார் தொட்டுப் பாக்குறது?"

"பாக்கட்டும். தொட வேணாம். வெதநெல்லுல யாராச்சும் கை வைப்பாங்களா? பட்டினி கெடந்தாலும் வைக்க மாட்டான் நம்ம ஊர்க்காரன்."

நானும் நெல் விளையும் ஊரில் பிறந்தவள்தானே. விடவில்லை. "வெதநெல்ல வெதைக்கத்தான சார் வச்சிருப்பாங்க? வருஷக் கணக்கா பத்தாயத்துலயே கெடந்தா மொளைக்குமா?"

"பள்ளிக்கூடத்தையும் வயலையும் போட்டுக் கொழப்பாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வயலை முதலில் இழுத்தது அவர்தான் என்பதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒல்லி, பேச்சு கிடையாது. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவள் வாயைப் பார்த்துத் தானும் வாயசைப்பாள். ஓர் எழுத்து தெரியாது. பள்ளி திறந்த அதே வாரம் அவளுடைய அம்மா வந்தாள். நடவு வயலிலிருந்து நேரே வந்திருந்தாள். முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. படியில் ஏறாமல் கீழேயே நின்று பேசினாள்.

"இந்த வருஷமும் இதுக்குப் படிப்பு ஏறலன்னா நிறுத்திடலாம்னு இருக்கேன் டீச்சர். திருப்பூர்ல எந்தங்கச்சி கைப்புள்ளய வச்சிக்கிட்டுத் தவிக்கிறா. அவளும் அவ புருஷனும் பனியன் கம்பெனிக்குப் போவணும். இது போயி புள்ளயத் தூக்கிக்கிட்டு இருந்தா அவளுக்கும் ஒத்தாசை. சும்மா இங்க பெஞ்சத் தேச்சி என்ன ஆவப் போவுது?"

எட்டு வயதுப் பிள்ளை. அதன் இடுப்பில் இன்னொரு பிள்ளை.

"கொஞ்சம் பொறுங்க. நான் சொல்லித் தர்றேன்."

"பொங்கலுக்கு அவ வருவா. அது வரைக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வயலுக்கு நடந்தாள்.

சொல்லித் தருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. கை என்ன செய்யும்? கரும்பலகையில் எழுதினேன், சிலேட்டில் எழுதினேன், கையைப் பிடித்து மணலில் எழுதினேன். காலையில் வந்தது மத்தியானச் சோற்றோடு போய்விடும். ஆடி முடிந்து வயலெல்லாம் பச்சை பிடித்தபோதும் அவள் வாயசைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பத்தாயத்தைத் திறந்தாக வேண்டும். அதற்குள் இறங்கும் வேலை எப்போதும் அந்தப் பெண்ணுக்குத்தான் என்று அன்றுதான் தெரிந்தது. ஒல்லியாக இருக்கிறாள், சத்தம் போட மாட்டாள், அவள் எழுந்து போவதால் பாடம் கெடாது. இது தலைமையாசிரியரின் கணக்கு. பெஞ்சு மேல் நின்று அவளை உள்ளே இறக்கிவிட்டார். பொருள்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பிறகு நின்றுவிட்டன.

"என்னம்மா பண்ற உள்ள?" என்று அவர் கத்திக்கொண்டே அதிகாரியை வரவேற்க வாசலுக்கு ஓடினார்.

நான் எட்டிப் பார்த்தேன். காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மடியில் உப்புத்தாள் எழுத்து, உறையைக் கழற்றியிருந்தாள். 'ப' என்ற எழுத்தின் மேல் சுட்டுவிரலால் இறங்கி, படுத்து, ஏறி, மறுபடி முதலிலிருந்து. கண் மூடியிருந்தது.

"அது என்ன எழுத்து?" என்றேன்.

"ப" என்றாள். யார் வாயையும் பார்க்கவில்லை; பார்க்க அங்கே யாரும் இல்லை.

அதிகாரி வந்தார், அட்டைகளைப் பாராட்டினார், படம் எடுத்தார், டீ குடித்தார், போனார். பொருள்கள் அத்தனையும் அன்று சாயங்காலமே பத்தாயத்துக்குள் திரும்பின. நான் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தேன். வெளியே எடுக்கக் கூடாது என்பதுதானே சட்டம்? பிள்ளையை உள்ளே விடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

மறுநாளிலிருந்து காலை வழிபாடு முடிந்ததும் அவளைத் தூக்கி உள்ளே இறக்கினேன். மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, பெஞ்சு மேல் நின்றபடி மேலே இருந்து எழுத்தைச் சொல்வேன். அவள் விரலால் தேடி எடுத்துத் தடவிக்கொண்டே திருப்பிச் சொல்வாள். வாரக் கணக்கில் இப்படியே போயிற்று. இரண்டு எழுத்து சேர்ந்தது, மூன்று சேர்ந்தது. ஒரு நாள் உள்ளேயிருந்து "படகு" என்று குரல் வந்தது. நான் கேட்காமலேயே அவளாகச் சேர்த்த சொல். நான் பெஞ்சிலிருந்து விழாதது பெரிது. மற்ற பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எங்களையும் இறக்கிவிடுங்க டீச்சர் என்று பத்தாயத்தின் முன்னால் வரிசை கட்டினார்கள். மண்டு என்று பேர் வாங்கியவளுக்கு ஒரே வாரத்தில் மவுசு கூடிவிட்டது.

தலைமையாசிரியருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே அறைதானே. பார்க்காதது போல ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கொண்டிருப்பார். ஒரு சனிக்கிழமை தச்சரைக் கூட்டி வந்து பத்தாயத்தின் ஒரு பக்கப் பலகையை மொத்தமாகக் கழற்றச் சொல்லிவிட்டார்.

"உள்ள காத்து வராதும்மா, பிள்ளைங்களுக்கு மூச்சு முட்டும்" என்றார். பிறகு, "பொருளு ஒண்ணும் வெளிய போகலைல்ல?" என்று கேட்டுக்கொண்டார்.

"போகல சார்" என்றேன். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கம் திறந்த பத்தாயத்துக்குள் பிள்ளைகள் ஊர்ந்து போய் வந்தார்கள். அட்டைகள் கசங்கின, அழுக்காயின. கிழிந்ததை அவரே உட்கார்ந்து மறுபடி ஒட்டினார்.

பொங்கலுக்குத் திருப்பூர்த் தங்கை வந்தாள். அந்த வருஷம் அவர்களுடைய குத்தகை வயலில் முன்கூட்டியே அறுப்பு. நெல்லை வண்டியில் ஏற்றுவதற்கு முன், இடம் இருக்கிறதா என்று பார்த்துவர அம்மா, தங்கை, மகள் மூவரும் அரசு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் சாக்பீஸால் எழுதிய ஒரு பலகை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. தங்கை கைக்குழந்தையைச் சமாதானம் செய்துகொண்டிருந்தாள். மகள் மெதுவாக எழுத்துக் கூட்டி, 'சாக்கு இல்லை. இன்று கொள்முதல் கிடையாது' என்று படித்துச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது சுட்டுவிரலால் காற்றில் எழுதிக்கொண்டே சொன்னாளாம்.

"அங்கயே எந்தங்கச்சிகிட்ட சொல்லிட்டேன் டீச்சர், நீ வேற ஆளப் பாத்துக்கன்னு" என்று மறுநாள் வந்து சொன்னாள் அந்த அம்மா. இந்த முறை படியேறி உள்ளே வந்து சொன்னாள். அன்று நான் அழுதேன், பிள்ளைகளுக்குத் தெரியாமல்.

அடுத்த ஜூன். பள்ளி திறந்த அன்றே அம்மாவும் மகளும் வந்தார்கள். பிள்ளை கட்டம்போட்ட சீருடையும் டையும் போட்டிருந்தாள். எங்கள் பள்ளியில் டை கிடையாது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"டி.சி. வேணும் டீச்சர்" என்றாள் அம்மா. "டவுன் இங்கிலீஷ் மீடியத்துல சேத்துட்டோம். வேன் ஊருக்குள்ளயே வருது. இவ்ளோ நல்லா படிக்கிற புள்ளய இங்கயே வச்சிருந்தா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க."

கேலி இல்லை, குத்தல் இல்லை. உண்மையிலேயே என் யோசனையைத்தான் கேட்டாள். மண்டாக இருந்தவரை எங்கள் பிள்ளை. படிக்க வந்ததும் வேன் பிள்ளை. எனக்குக் கோபம் வந்தது. பெருமையும் வந்தது. கோபம்தான் அதிகம்.

"சேத்துக்கும்போது படிக்கச் சொல்லிப் பாத்தாங்களா?" என்று கேட்டேன். அதையாவது தெரிந்துகொள்ளலாமே.

"பாத்தாங்க டீச்சர். ஒரு பக்கம் கடகடன்னு படிச்சிடுச்சு. மேடத்துக்கு ஒரே ஆச்சரியம். தமிழு இவ்ளோ சுத்தமா படிக்குதே, யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க."

பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"டியூசன்னு சொல்லிட்டேன் டீச்சர். கவர்மெண்டு ஸ்கூல்ல மட்டுந்தான் படிச்சுதுன்னு சொன்னா ஒரு கிளாஸ் கீழ போட்டுடுவாங்கன்னு ஊருல சொன்னாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"நல்லதுதான் செஞ்சீங்க" என்றேன். அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. டி.சி.யில் கையெழுத்து வாங்க அவளைத் தலைமையாசிரியரிடம் அனுப்பிவிட்டு, அன்று புதிதாகச் சேர்ந்து அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போனேன்.