பொடியன் எப்படி என்றுதான் கேட்டேன்

போன ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீதி ஹாஜியார் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். மகளுக்கு மாப்பிள்ளை சரியாமே, மாஷா அல்லாஹ் என்றார்.

எந்த மாப்பிள்ளை? எனக்கே தெரியாதே! வயதாகிவிட்டது, ஆளை மாறிக் கதைக்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

கல்முனையில் எனக்கொரு சின்னக் கம்பனி இருக்கிறது. அரிசியைப் பக்கட் பண்ணிக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிறோம். ஓடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கட்டாருக்குப் போய்விட்டான். அதோடு சம்பா கேட்ட கடைக்கு நாட்டரிசி போனது, நாட்டரிசி கேட்ட கடைக்கு ஒன்றுமே போகவில்லை. இரண்டு கடைகள் இனி வேண்டாம் என்றுவிட்டன. இன்னொன்றும் போனால் பூட்டிவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான்.

மகள் அப்ராதான் வழி சொன்னாள். பல்கலைக்கழகத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். வேலை தேடுகிறவர்களும் ஆள் தேடுகிறவர்களும் கூடும் ஓர் இணையத்தளத்தில் தன்னைப் போலவே என்னையும் சேர்த்து, விளம்பரமும் போட்டுவிட்டாள்.

வந்து குவிந்தார்கள்! படத்தில் எல்லோரும் கோட் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் தலைமைப் பண்பு உள்ளவர்கள். ஓடர் எழுத ஒருத்தரும் இல்லையா? வரிப்பத்தான்சேனைப் பொடியன் ஒருவன் மட்டும் மனதுக்குப் பிடித்தான் — ஸப்ரான். கொழும்பில் இதே வேலை செய்தவன், கம்பனி ஆட்களைக் குறைத்ததில் ஊருக்கு வந்திருக்கிறான். அவனைப் புகழ்ந்து பலர் எழுதியிருந்தார்கள். சரி, எழுதியவர்கள் எப்படி என்று யாரிடம் கேட்பது?

அந்த ஊரில் உரக்கடை வைத்திருக்கும் கூட்டாளிக்குப் போனில் கோல் எடுத்தேன். பொடியன் எப்படி? குடும்பம் எப்படி? தொழுகை இருக்கா, சிகரெட் இருக்கா? நல்ல பொடியன் மச்சான் என்றான். அவன் வேறொன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அங்கேதான் பிழை விட்டேன்.

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. கலியாண வயதில் மகள் உள்ளவன் இப்படி விசாரித்தால் ஊர் என்ன நினைக்கும்? தெரியாதா எனக்கு? தெரியும். கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து கேட்டதில் மறந்துபோனேன்...

அந்த ஜும்ஆவுக்கு அடுத்த நாள், சனிக்கிழமை இன்டர்வியூ. ஸப்ரானோடு அவன் வாப்பாவும் மாமாவும் வேனில் வந்து இறங்கினார்கள், கையில் இரண்டு சட்டி தயிர். பாசமான குடும்பம் என்று நினைத்தேன். தம்பி எங்கே இருப்பார் என்று மாமா கேட்டார். தினமும் போய்வரத் தேவையில்லை, எங்கள் மேல்மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, இங்கேயே இருக்கலாம் என்றேன். மாமாவுக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதும் எங்கள் வழக்கம்தானே!

பிறகுதான் கேட்டேன், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று.

ஸப்ரான் தலையைக் குனிந்துகொண்டு, தான் வேலைக்குத்தான் வந்ததாகவும், வீட்டில் சொல்லியும் யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னான். அவன் வாப்பா எழும்பினார்.

“ஒரு சம்பளக்காரனுக்கா இவ்வளவு விசாரிச்சீங்க?”

மன்னிப்புக் கேட்டேன். எடுபடவில்லை. வேனில் ஏறும்போது அந்தப் பொடியன் திரும்பி எங்கள் கம்பனி போர்டைப் பார்த்த பார்வை... அவனுக்கு வேலை வேண்டும், எனக்கு ஆள் வேண்டும். ஆனால் இனி எப்படிக் கூப்பிடுவது? மாப்பிள்ளை என்று அழைத்துச் சம்பளக்காரன் ஆக்கிவிட்டான் என்று ஊர் சொல்லாதா? என் மகளின் பெயரும் அதில் அடிபடாதா?

அடுத்த நாள் அப்ராவிடம் எல்லாவற்றையும் சொல்லி, கோபமா என்று கேட்டேன். அவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வாப்பா, நேத்து அவர் என்ட புரொஃபைலப் பாத்திரிக்கார். ஆர் பாத்தாலும் அதுல காட்டும்.”

ஏன் பார்த்தான் என்று கேட்டேன். தெரியாது என்றாள். நீ அவனுடையதைப் பார்த்தாயா என்று கேட்டேன். தயிர்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

விளம்பரத்தை இன்னும் எடுக்கவில்லை... எந்த இடத்துக்கு ஆள் தேடுகிறேன் என்பதுதான் விளங்கவில்லை.