லிஃப்ட்டுக் குழிக்குள் ஒரு காடு

‘உயர்நிலை ஜெர்மன் மாணவர், இயற்கை, பண்பாட்டு அடையாளம் ஆகியவை குறித்துத் தங்குதடையின்றி உரையாட வல்லவர்’ என்கிறது வகுப்புப் பதிவேடு. ஆள் இப்போது எட்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட்டுக் குழியில், இடுப்பளவு இருட்டில் நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருக்கிறார். கூடவே ஜெர்மன் பாடமும் ஒப்பிக்கிறார். ஐரோப்பியக் காட்டின் பீச் மரமும் பாசியும் மூடுபனியும்தான் பேச்சு என்பது மேலே காத்திருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? “உள்ள யாரோ சண்டை போடுறாங்க, நான் படியிலயே போயிக்கிறேன்” என்று மூன்றாம் மாடி அம்மா நடந்துவிட்டார்.

லிஃப்ட் மெக்கானிக், வயது நாற்பத்து நான்கு. தமிழில் “ம்”, “பாக்கலாம்”, “பெல்ட் போச்சு” – மூன்றோடு சரி. ஜெர்மனில் காட்டைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் உருகுவார். எந்தக் காட்டுக்குள்ளும் போனதில்லை.

மனைவி ஜெர்மனியில் நர்ஸ். மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. சான்றிதழ் கிடைத்தால்தான் இவருக்கு அங்கே வேலை. வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்டாயிற்று. ‘புத்தகம் பேசுகிறது; இவர் பேசவில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

“அது அவங்க காடு சார். உங்க மரம் எது?” என்றார் வாத்தியார்.

“என் மரமா? நான் பாத்ததெல்லாம் கம்பிக் கயிறுதான் சார்.”

குழப்பத்தோடு வீடு திரும்பியவர் வாசல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். பதினைந்து வருடமாக அதன் கீழேதான் வண்டி நிறுத்துகிறார். பீச் இல்லை, ஓக் இல்லை. அதற்குமேல் தெரியவில்லை. காவலாளியைக் கேட்டார். “நிழல் மரங்க.” மனைவிக்கு ஃபோன் போட்டார்.

“ஏங்க, அதுகூடவா தெரியாது?”

“சரி, நீ சொல்லு.”

“இலை கொட்டுமே... அதுதானே?”

மூன்றாம் முறை வாய்மொழித் தேர்வு. இருவர் இருவராக உட்கார வேண்டும். அவருக்கு ஜோடி, அதே வகுப்பில் படிக்கும் நான். ‘உங்கள் அடையாளத்தோடு ஒட்டிய ஒரு மரம்’ என்றார் தேர்வாளர். பீச் மரம் அவர் வாய்வரை வந்ததைப் பார்த்தேன். விழுங்கிவிட்டார். வீட்டு வாசலில் ஒரு மரம், பெயர் தெரியாது, மனைவிக்கும் தெரியாது என்று தட்டுத்தடுமாறி ஆரம்பித்தார். தினமும் காலையில் வண்டி இருக்கையில் அதன் இலை கிடக்கும் என்றார். அந்த இலையை என்ன செய்வார் என்பதற்கு ஜெர்மன் சொல் கிடைக்கவில்லை. எழுந்தார். வண்டி இருக்கையிலிருந்து இலையைத் தள்ளுவதுபோல, தன் நாற்காலியைப் புறங்கையால் மெதுவாகத் துடைத்தார். மறுபடி உட்கார்ந்தார்.