ஐந்து முப்பத்தைந்துக்கு ஊதிய ஆறு மணிச் சங்கு

காலர்காரி எழுந்து நின்ற அந்தச் சாயங்காலத்தைப் பற்றிப் பாக்கெட் அக்காவிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் போச்சு. கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள், நடுவில் எழுந்து போகவும் விடமாட்டாள். நான் அவளிடம் நாலு தடவை கேட்டிருக்கிறேன். நாலு தடவையும் அவள் கண் கலங்கியது.

அது சட்டை தைக்கிற கம்பெனி. ஒரே நீளக் கூடம், அறுபது மிஷின். ஒருத்தி காலர் மட்டும் தைப்பாள், ஒருத்தி பாக்கெட் மட்டும், ஒருத்தி கை மட்டும். செய்கிற வேலையே அங்கே பெயர். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்ததால் வெளியே வெயிலா இருட்டா என்று தெரியாது. செல்போனை வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கைக்கடிகாரமும் கூடாது, துணியில் மாட்டி நூலை இழுத்துவிடுமாம். நேரம் தெரிய வேண்டுமென்றால் மேனேஜர் அறைக்கு மேலே சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று உண்டு. அது ஆறைக் காட்டினால் பெல் அடிக்கும், பெல் அடித்தால் வீடு.

ஆறு மணிக்குப் பெல் அடித்தும், வெளியே வந்து செல்போனைக் கையில் வாங்கிப் பார்த்தால் ஆறரை தாண்டியிருக்கும். காரணம் எல்லோருக்கும் தெரியும்: வாசலில் பையைச் சோதிக்கிற அம்மா. வரிசை நகரவே நகராது என்று அறுபது பேரும் அவளைக் கரித்துக் கொட்டுவார்கள். அவளுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்ததே நம் பாக்கெட் அக்காதான். பதினோரு வருஷமாக அவளைத் திட்டித் திட்டி அக்காவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

காலர்காரி வந்து இரண்டு வருஷம்தான். அக்காவுக்குப் பக்கத்து மிஷின். ஒடிசலான பெண், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பாள். பிரசவத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது பிள்ளைக்கு நாலரை மாதம். அவன் புட்டிப் பாலை வாயில் வைத்தாலே துப்பிவிடுவான். மதியம் ஒரு மணிக்கு மாமியார் அவனை வாசலுக்குத் தூக்கி வருவாள். இவள் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடி வருவாள். அடுத்தது சாயங்காலம், வீட்டுக்குப் போன பிறகுதான்.

"உன் பையன் பெரிய இடத்துப் பிள்ளைடி, கடைச் சாப்பாடு ஒத்துக்காது" என்று அக்கா கேலி செய்வாள். ஒரு நாள் அந்தக் கேலிக்குக் காலர்காரி சிரிக்கவில்லை.

"எடை குறைஞ்சுடுச்சுக்கா. சாயங்காலப் பால் தள்ளித் தள்ளிப் போகுது, அழுது அழுது களைச்சுத் தூங்கிடுறான்னு நர்ஸம்மா சொன்னாங்க. அடுத்த தடவை எடை ஏறலேன்னா வேலைய விட்டுடுன்னு அத்தை சொல்லிட்டாங்க."

"உன் வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?"

"அவர் என்ன சொல்லுவாரு? சவாரி கிடைச்சாத்தான் அவர் வண்டியே ஓடும். வாடகை என் சம்பளத்துல போகுது."

பிள்ளையா வேலையா என்று கேட்டால் எந்தத் தாயும் பிள்ளை என்றுதான் சொல்வாள். சொல்லிவிட்டு அந்தப் பிள்ளையை எந்தக் கூரைக்குக் கீழே படுக்க வைப்பது?

இரண்டு நாள் கழித்துக் காலர்காரி மறுபடி குனிந்தபடியே பேசினாள். மிஷின் சத்தத்தில் அக்கா அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டாள்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது. எனக்குப் பால் நேரத்துக்குச் சுரக்கும். லீவு நாள்ல வீட்டுல பாத்துட்டேன். மதியம் ஒண்ணு, சாயங்காலம் ஆறு. டாண்ணு மார் கட்டிக்கும், அவனும் அழுவான். இங்கயும் மதியம் ஒரு மணிக்குச் சரியா இருக்கு. சாயங்காலம் மட்டும் அந்தக் கடிகாரத்துல அஞ்சு முப்பத்தஞ்சுக்கே ரவிக்கை நனைஞ்சுடுது."

"முதல் பிள்ளை. அப்படித்தான் முன்னே பின்னே இருக்கும்."

"தினமுமா? தினமும் அதே அஞ்சு முப்பத்தஞ்சா? மதியம் சரியா இருக்குற உடம்பு சாயங்காலம் மட்டும் பொய் சொல்லுமாக்கா?"

அக்கா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு வருஷமாக அதை அண்ணாந்து பார்த்திருக்கிறாள், சந்தேகப்பட்டதில்லை. நிமிர்ந்ததில் பாக்கெட் கோணிக்கொண்டது. 'சீ, இவள் பேச்சைக் கேட்டு' என்று தன்னையே திட்டிக்கொண்டு தையலைப் பிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம். கடிகாரத்தில் ஐந்து முப்பத்தைந்து ஆவதற்கு இன்னும் ஒரு நிமிஷம் இருந்தது. காலர்காரி தன் மிஷினை அணைத்தாள். நூலை வெட்டினாள். தைத்த காலர்களை அடுக்கி வைத்தாள். எழுந்து நின்றாள்.

"மணி ஆயிடுச்சு" என்றாள்.

கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் வெளியே வந்தார். "என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்பு சரியாத்தான் இருக்கு சார். ஆறு மணி ஆயிடுச்சு. நான் போகணும்."

"கண்ணு தெரியலையா? அஞ்சரைதான் ஆகுது. இப்பப் போனா நாளைக்கு வர வேணாம்."

காலர்காரியின் ரவிக்கை முன்பக்கம் இரண்டு வட்டமாக நனைந்திருந்தது. அதை அவள் முந்தானையால் மூடவில்லை. நின்றுகொண்டேயிருந்தாள்.

ஐயோ, இவ்வளவுண்டு பெண்ணுக்கு இவ்வளவு தைரியமா என்று அக்கா அவளையே பார்த்தாள். தன் கை தானாகப் போய்த் தன் மிஷினை அணைத்ததாகத்தான் அவள் இன்றைக்கும் சொல்கிறாள். அவளும் எழுந்தாள். அக்காவுக்குப் பின்னாலிருந்த கைக்காரி அணைத்தாள். அவளுக்குப் பின்னால் பட்டன்காரி. விஷயம் என்னவென்றே தெரியாதவர்கள்கூட அணைத்தார்கள். வரிசை வரிசையாக மிஷின்கள் ஓய்ந்தன.

வேலை நேரத்தில் அந்தக் கூடம் அமைதியாக இருந்து யாரும் கண்டதில்லை. காதுக்குள் ஙொய்யென்றது. எவளோ ஒருத்தி தும்மியது கூடம் முழுக்கக் கேட்டது. அப்போதுதான் ஊதியது.

தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆலையின் சங்கு அது. தினமும் ஆறு மணிக்கு ஊதும். ஊருக்கே கேட்கும், அறுபது மிஷின் ஓடுகிற அந்தக் கூடத்துக்கு மட்டும் கேட்காது. நீளமாக, நிதானமாக ஊதி அடங்கியது. அறுபது பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். கடிகாரம் ஐந்து முப்பத்தைந்து என்றது.

அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கேயோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருக்கிற ஐந்து மாதப் பிள்ளை சரியான மணியைச் சொல்லியிருக்கிறான், அதை இவள் உடம்பு கேட்டிருக்கிறது! நூறு தடவை சொன்ன பிறகும் அந்த இடம் வந்தால் அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாள்.

"அந்த ஆலைச் சங்கு முன்னாடியே ஊதும்மா, அது ஒரு ஓட்டைச் சங்கு" என்றார் மேனேஜர்.

"சங்கு தப்பா இருக்கட்டும் சார்" என்றாள் காலர்காரி. "பசி தப்பா இருக்காது." பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். மற்ற எல்லோரும் பின்னால் நடந்தார்கள்.

வாசலில் நத்தை மளமளவென்று பைகளைச் சோதித்து அனுப்பினாள். அக்காவின் முறை வந்தபோது செல்போனில் ஆறு மணி ஏழு நிமிஷம். அக்கா அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா? தினமும் எத்தனை மணிக்கு எங்களை விடுறாங்கன்னு?"

"தெரியும்."

"பாவி, சொல்லலியே!"

"எங்கிட்ட யாரு கேட்டா? வந்தீங்க, திட்டுனீங்க, போனீங்க."

அந்த இடத்திலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டதாக அக்கா சொல்கிறாள். அதற்குப் பிறகு யாரும் அவளை நத்தை என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் காலர்காரியை உள்ளே விடவில்லை. அப்படியென்றால் நாங்களும் வரவில்லை என்று அறுபது பேரும் வாசலிலிருந்தே திரும்பித் தொழிலாளர் ஆபீசுக்குப் போனார்கள். அந்த ஆபீஸ் அதிகாரி ஒருவர் மூன்றாம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானத்தில் வந்து நின்றார். கடிகாரத்தின் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது மேனேஜர் அறைக்குள் மேஜைக்கு அடியில், டீ பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் ஒரு பிளக்கில் முடிந்தது. மத்தியானத்தில் ஐந்தாறு தடவை பிடுங்கி, நாலைந்து நிமிஷம் விட்டுச் செருகினால் இருபத்தைந்து நிமிஷம் தேறிவிடும்; காலையில் யாரும் வருமுன் முள்ளைச் சரியாகத் திருப்பி வைத்துவிடலாம். ஊசியை விட்டுக் கண்ணை எடுத்தால் விரல் போய்விடும், கடிகாரம் நின்றதை எவள் பார்ப்பாள்?

"குறிச்ச நேரத்துக்கு மேல ஒரு நிமிஷம்னாலும் இரட்டைக் கூலி கொடுக்கணும். அதுவும் அவங்களைக் கேட்டு, அவங்க சம்மதிச்சாத்தான்" என்று அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். பழைய பாக்கி மூன்று தவணையாக வந்தது. காலர்காரி தன் மிஷினுக்கே திரும்பினாள். சுவரில் பேட்டரி கடிகாரம் ஏறியது. அதை யார் நம்பினார்கள்? தினமும் ஆறுக்கு ஒரு நிமிஷம் முன்னால் அறுபது மிஷினும் அணையும், சங்கைக் கேட்பதற்கு.

கதை இத்துடன் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா விடவில்லை. முக்கியமானது இனிமேல்தான் என்றாள்.

அடுத்த மாதம் ஒரு அவசர ஆர்டர் வந்தது. மேனேஜர் நாலு மணிக்குக் கையில் ஒரு தாளோடு வரிசை வரிசையாக வந்தார். ஒவ்வொருத்தியிடமும் குனிந்து பேசினார்.

"இன்னைக்கு ஒரு மணி நேரம் கூட இருக்க முடியுமா? இரட்டைக் கூலி."

கேட்கிறார்! பதினோரு வருஷத்தில் 'இரு' என்று சொல்லிக் கேட்டிருக்கிறாளே தவிர, 'இருக்க முடியுமா' என்று அக்காவிடம் யாரும் கேட்டதேயில்லை. திகைப்பில் சரி என்று தலையாட்டிவிட்டாள். தாள் காலர்காரியிடம் போனது.

"முடியாது சார்."

அக்கா ஊசியை நிறுத்திவிட்டாள்.

மேனேஜர் பேனாவைத் திறந்தார். "சரிம்மா" என்றார். அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த மிஷினுக்குப் போனார்.

அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. கூரை இடிந்து விழவில்லை. காலர்காரி அடுத்த காலரை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.

"முடியாதுன்னு சொன்னா சரின்னு சொல்லுவாங்களாடி?" அக்கா கிசுகிசுத்தாள்.

"சொன்னாரேக்கா" என்றாள் காலர்காரி. பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவள் போல, "நேத்து எடை போட்டோம், ஏறிட்டான்" என்றாள்.