அப்பாவிடம் மறைத்த பார்வை

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, வெட்கத்தோடுதான் இதைச் சொல்ல வருகிறேன்.

என் பெயர் ஜெபா. வீடு மட்டாஞ்சேரியில். அப்பா சந்தையில் மூட்டை சுமப்பவர். நான் களமசேரியில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். பாடமும் ஃபோனில், பொழுதுபோக்கும் ஃபோனில். பழைய கண்ணாடி போதாமல் போனது. எதிரே வரும் பஸ்ஸின் போர்டு தெரியவில்லை. வீட்டில் சொன்னால் ஃபோனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

போன ஜூலையில் களமசேரிக்கு லோடு கொண்டுவந்த அப்பா, என்னைப் பார்க்கப் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே நின்று கை காட்டியிருக்கிறார். நான் தோழிகளோடு பேசிக்கொண்டே போய்விட்டேன். அன்று மாலை அம்மா கேட்டார்: "ஏன்டி, அப்பா அழுக்குச் சட்டையில நின்னாருன்னு பார்த்தும் பார்க்காத மாதிரி போயிட்டியா? சாயாகூட குடிக்காம உக்காந்திருக்காரு."

கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஃபோன் போய்விடுமே என்று சொல்லவில்லை. அவர் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, வகுப்பில் இருந்தபோது வலக்கண்ணில் மின்னல் மின்னலாக வெட்டியது. மறுநாள் காலை கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ மறைத்தது. பயந்துபோய் அம்மாவிடம் சொன்னேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"கிட்டப்பார்வை ரொம்ப ஏறிப்போச்சு மோளே. கண்ணுக்குள்ள விழித்திரை கிழிஞ்சு விலகியிருக்கு. உடனே ஆபரேஷன் வேணும். பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது, கேட்டோ?" என்றார் டாக்டரம்மா, மலையாளம் கலந்த தமிழில்.

அறைக்கு வெளியே அப்பா ஜெபிப்பது காதில் விழுந்தது.

"ஆண்டவரே, அவ என்னைப் பார்க்காமப் போனாலும் போகட்டும். அவளுக்குப் பார்வை மட்டும் போகக் கூடாது."

நான் உடைந்துபோனேன். வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அன்னிக்கு நீங்க நின்னது எனக்குத் தெரியவே இல்லப்பா. கண்ணு தெரியல. சொல்லாம உங்கள ஏமாத்திட்டேன்."

 "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே மோளே," என்றார் அப்பா. என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இருவரும் அங்கேயே முழங்காலிட்டோம். கேட்கத் தகுதியில்லாத நானும் கேட்டேன்.

ஆண்டவர் செவிசாய்த்தார். விழித்திரை விலகல் கண்ணின் நடுப்பகுதியை எட்டியிருக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடி முடிந்து, வாரங்கள் செல்லச் செல்லப் பார்வை தெளிந்தது. ஓரத்தில் மட்டும் ஒரு நிழல் தங்கிவிட்டது. இப்போது ஃபோனை அளவோடு எடுக்கிறேன். தவறாமல் கண்ணைக் காட்டி வருகிறேன். ஆனால், பெற்ற மகளே தன்னைக் கண்டு கூச்சப்படுகிறாள் என்று அப்பா நினைத்திருந்த அந்த மூன்று வாரத்தை என்னால் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

படிக்கிற தம்பி தங்கைகளே, கண் மங்கினால் இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள். பிறகு ஆண்டவரிடம் கேளுங்கள். என் பொய்யை அறிந்தும் என்னைத் தள்ளிவிடாதவர், உங்களையும் தள்ளமாட்டார்.